மெட்டல் டிடெக்டர் கொயில் பழுது: திறக்கலாமா, விடலாமா?

காலைக்காரன் (அக்கரைப்பற்று)

எல்லாருக்கும் வணக்கம். எங்களுடையது சின்ன மரக்காலை. வளவுகளில் வெட்டுகிற வேம்பு, மா, பலா, புளி என்று எல்லாம் வரும். வளவு மரம் என்றால் உள்ளே இரும்பு இல்லாமல் இராது. வேலிக்கு அடித்த ஆணி, முள்ளுக்கம்பி, உடுப்புக் கொடி கட்டின கொளுக்கி, எல்லாவற்றையும் மரம் விழுங்கி மேலே பட்டையால் மூடிவிடும். சண்டைக் காலத்துச் செல் துண்டுகளும் சன்னங்களும் அதற்கு மேலதிகம். வாள் அதில் ஒருதரம் கடித்தால் பல்லெல்லாம் போச்சு. பட்டிவாள் அறுந்து தெறித்தால் கிட்ட நிற்கிறவனின் கதியை யோசித்துப் பாருங்கள்.

அதனால் குற்றியை ஏற்றுமுன் டிடெக்டரால் ஒருமுறை தடவிப் பார்ப்பது பழக்கம். வெளிநாட்டிலிருந்து மச்சான் கொண்டுவந்து தந்த பழைய இயந்திரம். உலோகத்தை உணர்கிற கொயில் அதன் அடியிலுள்ள வட்டத் தட்டுக்குள்தான், 11 அங்குலம், 'டபிள் டி' என்று எழுதியிருக்கிறது. இப்போது தட்டை இலேசாகத் தட்டினாலே கத்துகிறது. கேபிள் தட்டுக்குள் நுழைகிற இடத்தில் கொஞ்சம் மடித்தால் செத்துப்போகிறது, மறுகா உயிர் வருகிறது. தட்டில் ஒரு ஸ்குரூ கூட இல்லை. முழுக்க ஒட்டி, உள்ளே ஏதோ ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள். இதை எப்படித் திறப்பது? புதுக் கொயில் எடுக்கிற விலைக்கு இன்னொரு பழைய இயந்திரமே வாங்கலாம் போலிருக்கிறது.

வைண்டிங் மாமா (கல்லடி)

தம்பி, வெட்டுகிற சாமானைக் கீழே வையுங்கள். திறப்பது கடைசி வேலை. முதலில் பழுது எங்கே என்று பிடியுங்கள்.

பிளக்கைக் கழற்றி முனைகளுக்குள் மல்ரிமீற்றரால் ஓம் பாருங்கள். உள்ளே இரண்டு கம்பிச்சுற்று இருக்கும். ஒன்று அனுப்புவது. அது தடித்த கம்பி, குறைந்த சுற்று, அதனால் ஓரிரு ஓம் அல்லது அதற்கும் கீழே காட்டும். மற்றது வாங்குவது. மெல்லிய கம்பி, நிறையச் சுற்று, பத்துக்கணக்கான ஓம் வரும். எந்த முனை எதற்கு என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். எல்லாச் சோடியையும் பார்த்து எழுதி வையுங்கள். மீற்றரின் இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று தொட்டு வருகிற எண்ணைக் கழிக்க மறக்காதீர்கள். ஒரு ஓமுக்குக் கீழே அளக்கும்போது மீற்றர் கம்பியே பாதிப் பொய் சொல்லும்.

அளந்துகொண்டே இன்னொருவரைக் கேபிளை ஆட்டச் சொல்லுங்கள். பிளக் அடியிலிருந்து தொடங்கிச் சாண் சாணாகத் தட்டு வரைக்கும். எண் எந்த இடத்தில் குதிக்கிறதோ அங்கேதான் வருத்தம்.

காலைக்காரன்

பார்த்தேன் மாமா. ஒரு சோடி 0.9 ஓம், அசைக்க அசைக்க மாறவில்லை. இன்னொரு சோடி 38 ஓம். கேபிள் தட்டுக்குள் போகிற இடத்தில் ஒரு பக்கம் மடித்தால் மட்டும் எண் காணாமல் போகிறது, விட்டால் வருகிறது. மற்ற இடங்களில் எவ்வளவு ஆட்டினாலும் 38தான்.

இளசு (களுவாஞ்சிகுடி)

அண்ணே இதுக்கு ஏன் இவ்வளவு பாடு. தட்டைக் கொதிதண்ணியில் போட்டு இளக்கி, உள்ளே ஊற்றி இறுக்கின எபொக்சிப் பசையைக் கழற்றி, புதுக் கம்பி சுற்றிவிடலாம். வீடியோக்களில் எத்தனையோ பேர் சுற்றுகிறார்கள். மெல்லிய காப்புப் பூச்சுப் போட்ட எனாமல் வயர் மோட்டர் வைண்டிங் கடையில் நிறைக்கு வாங்கலாம்.

அலைவரி (செங்கலடி)

இளசு, வீடியோவில் சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் பல்ஸ் வகை, அதாவது விட்டு விட்டுத் துடிப்பாக மின்னோட்டம் அனுப்புகிற இயந்திரத்துக்குச் சுற்றுகிறார்கள். அதில் பெரும்பாலும் ஒரே ஒரு கம்பிச்சுருள்தான், அனுப்புவதும் வாங்குவதும் அதுவே. இங்கே கேட்பது தாழ் அலைவரிசை வகை, விடாமல் அலை அனுப்பிக்கொண்டே இருப்பது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் காலைக்காரனின் தட்டுக் குப்பைக்குத்தான் போகும்.

டபிள் டி என்றால் அனுப்பும் சுற்று ஒரு டி, வாங்கும் சுற்று மற்ற டி, முதுகோடு முதுகு சாய்ந்த மாதிரி. நடுவில் இரண்டின் ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும். அந்த ஏற்றம்தான் முழு விசயமும். அனுப்பும் சுற்றின் காந்தப்புலத்தில் ஒரு பங்கு வாங்கும் சுற்றுக்குள் ஒரு திசையிலும், மறு பங்கு எதிர்த் திசையிலும் போய், இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட வேண்டும். அப்போதுதான் பக்கத்தில் உலோகம் இல்லாதபோது வாங்கும் சுற்றில் கிட்டத்தட்ட ஒன்றும் வராது. அனுப்புகிற பக்கம் வோல்ட் கணக்கில் ஆடிக்கொண்டிருக்க, வாங்குகிற பக்கம் சில மில்லிவோல்ட்டுதான் மிஞ்சலாம். உள்ளே ஒரு ஆணி வந்தால் அந்தப் பலன்ஸ் மயிரிழை குலையும். அந்தக் குலைவைத்தான் இயந்திரம் சத்தமாக்குகிறது.

கம்பிச்சுற்று ஒரு மில்லிமீற்றரின் சிறு பங்கு நகர்ந்தாலே இந்தப் பலன்ஸ் போய்விடும். எபொக்சி ஊற்றியிருப்பது தண்ணீருக்காக மட்டுமில்லை, சுற்றுகளை அசையாமல் பிடித்து வைக்கவும்தான். சாதாரண எபொக்சி 60, 70 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கும். கொதிதண்ணி 100. இளக்கித் திரும்ப இறுக விட்டால் வடிவம் பழையபடி வரும் என்று யார் உத்தரவாதம் தருவது? பிறகு இயந்திரத்தைப் போட்டவுடன் ஆகாயத்தில் பிடித்தாலே கத்தும்.

இளசு

சரி அண்ணே. ஆனால் மின்னலையைத் திரையில் காட்டுகிற ஒஸிலஸ்கோப் இருந்தால் திரும்பப் பலன்ஸ் பண்ணலாம்தானே?

அலைவரி

பண்ணலாம். வாங்கும் சுற்றை ஸ்கோப்பில் போட்டு, ஏற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அலை ஆகச் சிறிதாகும் இடத்தைப் பிடித்து, இரண்டு மூன்று இடத்தில் துளி பசை வைத்து நிறுத்தி, பிறகு மெல்ல இறுகும் எபொக்சியைக் கட்டம் கட்டமாக ஊற்ற வேண்டும். எபொக்சி இறுகும்போது சூடேறும், கொஞ்சம் சுருங்கும், அதில் பலன்ஸ் திரும்ப நகரும். அதைச் சரிக்கட்டக் கடைசியில் வளைக்கிற மாதிரி ஒரு சின்னக் கம்பி வளையத்தை வெளியே விட்டுவைப்பவர்களும் உண்டு. இத்தனைக்கும் பிறகு அலையின் ஃபேஸ், அதாவது ஏறி இறங்குகிற நேரம், பழைய தட்டோடு ஒத்துவராவிட்டால் இரும்பை அலுமினியம் என்று சொல்லும். முழுத் தட்டும் செத்த பிறகு பொழுதுபோக்காகச் செய்யலாம். 38 ஓம் இன்னும் உயிரோடு இருக்கிற தட்டுக்கு இது தேவையில்லாத வேலை.

வைண்டிங் மாமா

அலைவரி சொன்னது சரி. தம்பியின் அளவைப் பார்த்தால் சுற்று இரண்டும் நல்லாயிருக்கிறது. கேபிளுக்குள் ஒரு கோர், அதாவது உள்கம்பி அறுந்து, நுனி நுனியாகத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கேபிளின் வெளித்தோல் எங்கே அசையாமல் பிடிபடுகிறதோ அதற்கு அடுத்த விரற்கடையில்தான் எப்போதும் அறும். அங்கே வளைகிற வளைவு முழுக்க ஒரே இடத்தில் விழும். வெளித்தோலில் ஒரு கீறலும் தெரியாது.

ஆகவே முழுத் தட்டையும் திறக்க வேண்டாம். கேபிள் நுழைகிற இடத்தில் மட்டும் ஒரு சின்ன ஜன்னல் வெட்டுங்கள். மேல்பக்கம்தான், மண்ணில் உரசுகிற கீழ்ப்பக்கத்தைத் தொட வேண்டாம். 2 சென்ரிமீற்றர் அகலம், 3 சென்ரிமீற்றர் நீளம் போதும். மேல் பிளாஸ்ரிக் 2, 3 மில்லிமீற்றர்தான் இருக்கும், அந்த ஆழத்தோடு நிறுத்துங்கள். சின்னச் சுழல்வெட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வாளலகுத் துண்டு ஒன்றால் மெதுவாக. வெளியில் காற்றுப்படும் இடத்தில் இருந்து, மூக்கு வாய் மூடிக்கொண்டு செய்யுங்கள். அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. டபிள் டியில் கேபிள் நுழைவது நடுவில். இரண்டு சுற்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற பட்டையும் தட்டின் நடுவால்தான் முன்னுக்கும் பின்னுக்கும் போகும். ஜன்னலுக்கு நேர் கீழே அது இருக்கலாம். கேபிள் தோல் தெரிந்தவுடன் அதைப் பின்தொடருங்கள், ஆழத்துக்குப் போகாதீர்கள். எபொக்சியைத் துளைக்க வேண்டாம். சோல்டரிங் அயன் நுனியால் ஒரு பொட்டு இடத்தைச் சூடாக்கி, ஊசியால் கிள்ளிக் கிள்ளி எடுங்கள். பல் வைத்தியர் பாவிக்கிற கொக்கி ஊசி கிடைத்தால் அதைவிடத் திறமான ஆயுதம் வேறு இல்லை.

புதியவன்

நண்பர்களே, இந்த மாதிரி இயந்திரம் 2 மீற்றர் ஆழத்தில் உள்ள தங்கத்தைக் காட்டுமா? எங்கள் பக்கம் பழைய கட்டட இடிபாடு ஒன்று இருக்கிறது.

அலைவரி

காட்டாது. ஒரு காசு அளவுச் சாமான் என்றால் ஒரு சாண் ஆழமே பெரிய காரியம். அதைவிட, பழைய இடிபாட்டில் அனுமதியில்லாமல் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். புதையல் தோண்டப் போய் ஸ்கேனரோடு பிடிபட்டவர்கள் செய்தி பேப்பரில் அடிக்கடி வருகிறது. இந்த இழையில் அந்தக் கதை வேண்டாம் தம்பி.

அறுகம்பே நானா (பொத்துவில்)

நான் கடற்கரையில் பல்ஸ் வகை வைத்திருக்கிறேன். சுற்றுலா வருகிறவர்கள் தண்ணிக்குள் மோதிரத்தைத் தொலைத்துவிட்டுத் தேடி வருவார்கள். மேலே சொன்னதற்கு ஒரு சிறு சேர்க்கை: பல்ஸ் கொயில் என்றால் இளசு சொன்ன மாதிரி வீட்டில் சுற்றலாம்தான். 26, 27 சென்ரிமீற்றர் விட்டத்தில் கம்பியை 20 தரம் மட்டில் சுற்றினால் தூண்டல் அளவு 300 மைக்ரோஹென்றி கிட்ட வரும், பல இயந்திரங்கள் கேட்பது அதுதான். எனாமல் வயரை நெருக்கிச் சுற்றுவதைவிடப் பிளாஸ்ரிக் உறை போட்ட வயர் நல்லது, சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் மின்னேற்றம் தங்குகிற கொள்ளளவம் குறையும், துடிப்பு நின்றதும் கொயில் சீக்கிரம் அடங்கும். பிறகு அந்த ஆட்டத்தை அடக்குகிற டம்பிங் ரெசிஸ்ரரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். துடிப்பு நிற்கும் கணத்தில் கொயிலில் சில நூறு வோல்ட் எழும்பும். ஓடுகிற இயந்திரத்தில் திறந்த முனையைத் தொட்டுப் பார்க்கிற ஆசை வேண்டாம்.

இன்னொன்று. தட்டுக்குக் கீழே மாட்டுகிற உறையைக் கழற்றிக் கழுவுகிறீர்களா? எங்கள் கரையில் கறுப்பு மணல் உறைக்குள் புகுந்து தட்டோடு சேர்ந்து ஆடும், அதுவும் பொய்ச் சத்தம் கொடுக்கும். திருக்கோவில் பக்கம் இரும்புச்சத்துள்ள இல்மனைற்று மணல் இருப்பது எல்லாருக்கும் தெரியும். கொயில் பழுது என்று என்னிடம் வந்த ஒன்றை உறையைக் கழற்றி நல்ல தண்ணியில் கழுவியே அனுப்பியிருக்கிறேன்.

காலைக்காரன்

நானா, உறையைக் கழற்றினேன். உள்ளே மரத்தூள் ஒரு சிரட்டை அளவு. கழுவிப் பார்த்தேன். தட்டும்போது வருகிற சத்தம் கொஞ்சம் குறைந்தது, மடித்தால் சாவது அப்படியே இருக்கிறது. ஜன்னல் வெட்டத் தொடங்கப் போகிறேன்.

பழைய களப்பணி (வாகரை)

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவன். மட்டக்களப்பு மாவட்டத்தைக் கண்ணிவெடி இல்லாத மாவட்டம் என்று 2017இல் அறிவித்தார்கள். அந்த வேலையில் கொயில் சந்தேகம் என்றால் யாரும் கத்தி எடுப்பதில்லை. இயந்திரத்தை ஒதுக்கிவிட்டு வேறு எடுப்போம். நல்ல இயந்திரத்தையும் வேலை தொடங்குமுன் சோதனைத் துண்டில் காட்டிக் கேட்ட பிறகுதான் நிலத்துக்குக் கொண்டுபோவோம். வீட்டில் திருத்தின கொயிலை மரத்துக்குப் பாவியுங்கள், தாராளமாக. காணி பார்க்க, பழைய பங்கர் பக்கம் பார்க்க என்று ஒருவருக்கும் இரவல் கொடுக்க வேண்டாம்.

குற்றியிலும் ஒரு கவனம். ஆணியும் சன்னமும் பிரச்சினையில்லை. ஆனால் சத்தம் கையகலத்துக்குப் பெரிதாக வந்து, பட்டை அந்த இடத்தில் வீங்கி இருந்தால் கோடரியால் கொத்திப் பார்க்காதீர்கள். வெடிக்காத ஏதாவது செருகியிருக்கச் சாத்தியம் குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது. குற்றியை அப்படியே விட்டுத் தள்ளி நின்று பொலிசின் 119க்கு அடியுங்கள்.

காலைக்காரன்

நன்றி அண்ணே, பெடியன்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

ஜன்னல் வெட்டியாச்சு. உள்ளே இருப்பது சாம்பல் நிறத்தில், பொருக்குப் பொருக்காக உதிர்கிற ஒருவகை எபொக்சி. கேபிளின் வெளித்தோல் முடிந்து கோர்கள் பிரிகிற இடம் தெரிகிறது. நாலு கோர். சிவப்பும் வெள்ளையும் ஒரு சோடி. மற்றது கறுப்பும் மஞ்சளும், அதைச் சுற்றி மெல்லிய பின்னல் வலை. மஞ்சள் கோரை நகத்தால் அழுத்தினால் தோல் மட்டும் வளைகிறது, உள்ளே செம்பு இல்லாத மாதிரி மெத்தென்று இருக்கிறது. தோலைக் கீறிப் பார்த்தேன். செம்பு கறுத்து, ஓரம் பச்சை பிடித்து, தொட்டவுடன் தூளாய்க் கொட்டுகிறது.

வைண்டிங் மாமா

அதுதான் கள்ளன். தண்ணி கேபிள் வழியாக இழுபட்டு உள்ளே போயிருக்கிறது. பச்சை பிடித்த செம்பில் சோல்டர் ஒட்டவே ஒட்டாது, வெறுமனே உருண்டு விழும். பளபளவென்று நல்ல செம்பு வரும் வரைக்கும் கேபிளைப் பின்னோக்கி வெட்டுங்கள். ஒரு விரல் நீளம் போனாலும் பரவாயில்லை. நாலு கோரையும் அதே இடத்தில் வெட்டிப் புதிதாக இணையுங்கள். மற்ற மூன்றும் இன்றைக்கோ நாளைக்கோ போகக் காத்திருப்பவைதான். எந்த நிறம் எங்கே என்று வெட்டுமுன் போனில் படம் எடுங்கள்.

வாங்கும் சோடியைச் சுற்றின பின்னல் வலையை அலட்சியம் பண்ணாதீர்கள். அது வெளி இரைச்சல் உள்ளே வராமல் தடுக்கிறது. கேபிள் முழுவதையும் மாற்றும் நிலை வந்தாலும் வீட்டு வயரைப் போட வேண்டாம், உள்ளே தனித்தனி வலை உள்ள கேபிள்தான் வேண்டும்.

சுற்றிலிருந்து வருகிற எனாமல் கம்பியை அலகால் மெதுவாகச் சுரண்டி, ஈயம் பூசி, பிறகு சேருங்கள். அயனை நெடுநேரம் வைத்திருக்காதீர்கள், சூடு கம்பி வழியே எபொக்சிக்குள் இறங்கும். ஒவ்வொரு மூட்டுக்கும் சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கிற குழாய் போட்டு, மூட்டுகள் நாலும் ஒரே வரிசையில் இல்லாமல் முன்னும் பின்னுமாக இருக்கட்டும்.

அலைவரி

ஜன்னல் பக்கம் கறுப்புப் பூச்சு ஏதாவது தெரிகிறதா? பிளாஸ்ரிக்கின் உட்புறத்தில் பென்சில் தூள் பூசின மாதிரி?

காலைக்காரன்

ஓம், இருக்கிறது. நான் வெட்டின துண்டிலும் ஒட்டியிருக்கிறது. கேபிளிலிருந்து ஒரு வெறுங்கம்பி அதில் போய் ஒட்டுப்படுகிறது.

அலைவரி

அதுதான் கவசம். கிரஃபைற் கலந்த பூச்சு. ஈரப் புல்லோ ஈரப் பட்டையோ தட்டில் முட்டும்போது வருகிற பொய்ச் சத்தத்தை அது விழுங்கிக்கொள்ளும். உங்களுக்குப் பச்சைக் குற்றி பார்க்கிறபடியால் அவசியம் வேண்டும். வெட்டின இடத்தில் கிரஃபைற் தூளைக் கொஞ்சம் வார்னிசில் குழைத்துப் பூசி, அந்த வெறுங்கம்பி திரும்பத் தொடும்படி செய்யுங்கள்.

ஆனால் ஒன்று. கவசம் எங்கோ ஓரிடத்தில் வெட்டுப்பட்டு, வளையம் முடியாமல் விடப்பட்டிருக்கும். அந்த இடைவெளி பிழை என்று நினைத்து நிரப்பிவிடாதீர்கள். வளையம் முழுதாக மூடினால் கவசமே ஒரு சுற்றுக் கம்பி மாதிரி மின்னோட்டம் எடுக்கத் தொடங்கும், ஆழம் போய்விடும். அலுமினியத் தாளால் கவசம் செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள்.

அறுகம்பே நானா

மூடும்போது சிலிக்கன் வேண்டாம் மகன். புளிமணம் வருகிற சிலிக்கன் இறுகும்போது அசற்றிக் அமிலம் விடும், செம்பைத் தின்றுவிடும். பசைத்துப்பாக்கிக் குச்சியும் வேண்டாம், எங்கள் வெயிலில் நிற்கும்போதே இளகிவிடும். மெல்ல இறுகுகிற எபொக்சிதான். மாரி ஈரத்தில் ஊற்றாதீர்கள், ஒரு நாள் நல்ல வெயிலில் தட்டைக் காயவைத்து, உள்ளே ஈரமில்லை என்று தெரிந்த பிறகு.

அலைவரி

எபொக்சி ஊற்றுமுன் இயந்திரத்தில் மாட்டிப் பாருங்கள். ஆணி அடித்த மேசையில் வைக்க வேண்டாம், இரண்டு பிளாஸ்ரிக் கதிரைக்கு நடுவில் ஒரு தடியில் தொங்கவிடுங்கள், கையிலிருக்கிற மணிக்கூட்டையும் கழற்றுங்கள். இரும்பை வடிகட்டித் தள்ளுகிற முறையில் வைக்காமல் எல்லா உலோகமும் காட்டுகிற முறையில் வையுங்கள், உங்களுக்குத் தேவையே இரும்புதான். ஒரு ஆணி, ஒரு அலுமினியத் துண்டு, இரண்டும் எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று குறித்துவைத்து, ஊற்றி இறுகின பிறகு அதே துண்டுகளால் திரும்பப் பாருங்கள்.

காலைக்காரன்

எல்லாம் முடித்தேன். மடித்தாலும் ஆட்டினாலும் 38 ஓம் அசையவில்லை. 2 அங்குல ஆணி ஒன்று ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் கேட்கிறது, ஊற்றுமுன்னும் அதேதான் பின்னும் அதேதான். ஆணியின் முனை தட்டைப் பார்த்தபடி இருந்தால் ஒரு சத்தம், படுத்திருந்தால் வேறு சத்தம். அதனால் குற்றியை உருட்டி உருட்டி நாலு பக்கமும் பார்க்கிறோம். பெரிய புளிக்குற்றியின் நடுவுக்கு எப்படியும் எட்டாது, அதைப் பாதி பிளந்த பிறகு இன்னொருதரம் பார்ப்பதுதான் வழி.

வைண்டிங் மாமா சொன்ன இடத்திலேயே கேபிள் அறுந்திருந்தது, தோல் பிடிபடுகிற இடத்திலிருந்து ஒரு விரற்கடை. இப்போது கேபிளைத் தடியோடு சேர்த்து ஒரு தளர்ந்த வளையம் விட்டுக் கட்டியிருக்கிறேன், வளைவு இனித் தட்டின் வாயில் விழாது.

ஒரே ஒரு குறை. வாள் மோட்டர் ஓடும்போது கிட்டக் கொண்டுபோனால் சும்மா கிறீச் கிறீச் என்கிறது. மோட்டரை நிறுத்தினால் அமைதி.

அலைவரி

அது கொயில் இல்லை. மோட்டரும் அதன் வயரும் விடுகிற இரைச்சல், வேகம் மாற்றுகிற இன்வேட்டர் போட்டிருந்தால் இன்னும் மோசம். உணர்திறனை இரண்டு படி குறைத்துப் பாருங்கள். அதிலும் அடங்காவிட்டால் காலையில் மெசின் போடுமுன் அன்றைய குற்றிகளைப் பார்த்து, சத்தம் வந்த இடத்தில் சோக்கால் குறி போட்டுவிடுங்கள்.

காலைக்காரன்

இன்வேட்டர்தான் போட்டிருக்கிறது. சரி, காலையிலேயே பார்க்கிறோம். தட்டின் காதில் ஒரு வெடிப்பும் கண்டேன், அதற்கு என்ன பசை?

அறுகம்பே நானா

தட்டு ஏபிஎஸ் பிளாஸ்ரிக் என்றால் அதே பிளாஸ்ரிக் துண்டு கொஞ்சத்தை அசற்றோனில் ஊறவிட்டால் கூழாகும். அந்தக் கூழை வெடிப்புக்குள் தள்ளி ஒரு இரவு விடுங்கள், வெறுமனே ஒட்டுவது இல்லை, இரண்டு பக்கமும் கரைந்து ஒன்றாகச் சேரும். நிறைய வைக்க வேண்டாம், காதே இளகி வளைந்துவிடும்.